மேசைக்கடியில் ஒரு குமிழ்

மூன்று ஆண்டுகளாக என் கணவர் ஒரு விமானத்தைக்கூடத் தம் கையால் தரையிறக்கவில்லை. அவர் இறக்கியதாக நம்பும் ஒவ்வொன்றையும் இறக்கியது நான்!

அவருக்கு இது தெரியாது. ஊருக்கும் தெரியாது. ‘தாணு அண்ணனுக்குக் கை வந்தாச்சு’ என்று இரணியல் ரயில் நிலையச் சாலையில் நாலு பேர் பேசிக்கொள்வதைக் கேட்டபடி, தலையை நிமிர்த்திக்கொண்டு, காய்கறிப் பையோடு நடந்து வந்திருக்கிறேன். இன்று உங்களிடம் சொல்கிறேன்.

மன்னிப்புக்காக என்று எண்ணிவிடாதீர்கள். உங்களிடமிருந்து அதை வாங்கி நான் என்ன செய்ய? நீங்கள் என் கணவரும் அல்லர். கொதிக்கக் கொதிக்கப் பிரதமன் பாயசத்தைக் காலில் வாங்கிக்கொண்ட அவருடைய தங்கையும் அல்லர். அந்தப் பிரதமனுக்குப் பிறகு வருகிறேன். முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் என் குற்றம் உங்களுக்கு விளங்காது.

ஒரு பாலிடெக்னிக்கில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மின்னியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள் நான். மோட்டார் என்றால் எனக்குப் பயமும் கிடையாது, பக்தியும் கிடையாது. என் கணவர் தாணு வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டு கிரேன் ஓட்டியவர். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வலது கையில் ஒரு தண்டைப் பிடித்தபடி, கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கி இறக்குகிற வேலை. கூண்டுக்கு மேலே விமானங்கள் போய்க்கொண்டே இருக்கும். பார்த்துப் பார்த்து அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஊருக்கு ஒரேயடியாகத் திரும்பிய வாரமே, கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கூடவே கடையில் வாங்கிய ஒரு ஜாய்ஸ்டிக். மூன்றாம் நாளே அதை ஓரமாகத் தூக்கி வைத்தார்.

“இதுல கனமே தெரியல்லட்டி. கையிக்கு ஒண்ணும் சொல்ல மாட்டங்கு.”

சரியாகத்தான் சொன்னார். சாதாரண ஜாய்ஸ்டிக்கின் உள்ளே இருப்பது வெறும் ஸ்பிரிங். விமானம் நின்றாலும் பறந்தாலும் விழுந்தாலும் அது ஒரே மாதிரிதான் முறுக்கிக்கொண்டு நிற்கும். அதற்குப் பதிலாக உள்ளே மோட்டார் வைத்தவை உண்டு. ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பார்கள். வேகம் கூடினால் தண்டு கனக்கும். வேகம் குறைந்து விமானம் விழப் போகிறது என்றால் தளர்ந்து நடுங்கும். சக்கரம் தரையைத் தொட்டால் உள்ளங்கையில் ஒரு குத்து விழும். நாம் தள்ளினால் அதுவும் நம்மைத் தள்ளும்.

அப்படி ஒன்றை வாங்கலாமா என்று கேட்டார். எதற்கு வாங்க வேண்டும்? நான் எதற்கு இருக்கிறேன்!

தையல் தொழிற்சாலை ஒன்றில் கழித்துப் போட்ட இரண்டு மோட்டார்கள், பல் வைத்த பெல்ட்டுகள், தக்கலை லேத்துப் பட்டறையில் சொல்லிச் செய்த இரும்புச் சட்டம். கைப்பிடி மட்டும் அவருடையது. அவர் ஓட்டிய கிரேனை உடைப்புக்குப் போட்டபோது கழற்றிக் கொண்டுவந்தது. உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்து வழவழத்திருந்தது. நிரலை நானே எழுதினேன். நான்கு மாதத்தில் தண்டு உயிர் பெற்று எழுந்தது. அவர் அதைப் பிடித்து, கன்னியாகுமரிக்கு மேலே தொடங்கி, முட்டம் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, குளச்சலைத் தாண்டி, கடலோரமாகவே போய்த் திருவனந்தபுரத்தில் முதல்முறை இறக்கியபோது என்னைத் திரும்பிப் பார்த்தாரே... கல்யாணத்தன்றுகூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை!

அந்த இயந்திரத்தோடு குடித்தனம் நடத்துவது எளிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மேசை போயிற்று. அதன்மேல்தான் சட்டத்தை முறுக்கியிருந்தோம். தரையில் உட்கார்ந்து சாப்பிடப் பழகினோம். மாலையில் மின்னழுத்தம் குறைந்தால் தண்டு காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கும். மோட்டார் சூடேறிய வாசனை ரசத்திலும் அடிக்கும். ஒருநாள் போன மின்சாரம் சட்டென்று வந்தபோது தண்டு தானாக வீசியடித்து அவர் மூக்குக் கண்ணாடியை உடைத்தது. அன்றே கைப்பிடியில் ஓர் உணரியைப் பொருத்தினேன். உள்ளங்கை பட்டால்தான் மோட்டார் ஓடும். கையை எடுத்தால் தண்டு அடங்கிவிடும். இந்த உணரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும். தண்டின் கனத்தைக் கூட்டிக் குறைக்க, மேசையின் வலது ஓரத்தில் அடிப்பக்கமாக ஒரு குமிழ் வைத்தேன். பழைய மின்விசிறி ரெகுலேட்டரின் குமிழ். பூஜ்யம் முதல் பத்து வரை எண்கள். வலது பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நான் உட்காருவேன். ‘கோ-பைலட்’ என்று அவர் எனக்குப் பேர் வைத்தார்.

ஓராண்டு இப்படிப் போயிற்று. அந்த ஓராண்டில் அவர் இறக்கியவை எல்லாம் அவர் இறக்கியவைதாம். அதை நான் மறுக்கவில்லை.

பிறகு பக்கவாதம்.

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார். குனிந்து எடுத்தார், மறுபடியும் போட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. உடனே கொண்டுபோய்ச் சேர்த்தேன். நேரத்துக்கு வந்தீர்கள் என்று மருத்துவர் என்னைப் பாராட்டினார். பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. வலது கை மட்டும் பாதியில் நின்றுவிட்டது. பிடிக்கும், பிடி நிலைக்காது. முக்கியமாக, உணர்வு குறைவு. கண்ணை மூடிக்கொண்டால் கை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியாது.

தக்கலையில் பிசியோதெரபி. வாரம் நான்கு நாள். அந்தப் பெண் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: “எக்கா, இப்பம் உள்ள மாசங்கதான் முக்கியம். இப்பம் விட்டா பெறவு பிடிக்க ஒக்காது.”

கேட்டுக்கொண்டேன். நன்றாகவே கேட்டுக்கொண்டேன்! காதில் விழவில்லை என்று சொல்லி இங்கே தப்பிக்க நான் விரும்பவில்லை.

இரண்டாம் மாதம் அவர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். விமானம் கோவளத்துக்கு மேலேயே சாய்ந்து கடலில் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. பத்து நாள், பத்து முறை. பதினோராம் நாள் கைப்பிடியிலிருந்து கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “மதியாக்கியாச்சு, போதும். இதைக் கழத்திப் போட்டுரு. மேசையாவது மிஞ்சட்டு.”

அன்று சாப்பிடவில்லை. பிசியோதெரபிக்கும் வரமாட்டேன் என்றார். நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது ஆண்டு ஆகாயத்தில் உட்கார்ந்து வேலை செய்த மனிதர்... என்னால் பார்க்க முடியவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா?

சிமுலேட்டரில் ஆட்டோபைலட் உண்டு. முடுக்கினால் விமானம் தானே பறந்து, தானே இறங்கும். அது எதைச் செய்தாலும் என் தண்டும் அதற்கேற்ப அசைய வேண்டும் என்று முன்பே அமைத்திருந்தேன். இப்போது நிரலில் சில வரிகளை மாற்றினேன். குமிழ் பூஜ்யத்தில் இருந்தால் விமானம் முழுக்க அவருடையது. பத்தில் இருந்தால் முழுக்க இயந்திரத்தினுடையது. நடுவில் எங்கே நிறுத்தினாலும் அந்த அளவுக்குக் கலவை. அவருக்குத் திரையில் எதுவும் தெரியாது.

“இன்னைக்கு ஒருக்கா மட்டும்” என்று கெஞ்சி உட்கார வைத்தேன். குமிழை ஒன்பதில் வைத்தேன். தண்டு அவர் கையை ஏந்திக்கொண்டு போயிற்று. தான் தள்ளுகிறோமா, தன்னைத் தள்ளுகிறார்களா என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. தெரியாது என்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் செய்தேன். விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டில் மெல்ல இறங்கியது. உள்ளங்கையில் குத்து விழுந்தது.

“ஏட்டி... பாத்தியா!”

அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை; அதை மட்டும் நம்புங்கள்.

ஏற்றிவிட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடலாம் என்பது என் திட்டம். குழந்தைக்குச் சைக்கிள் பழக்கும்போது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி, ஓடி, விடுவதில்லையா? அதுபோல. நோட்டுப் போட்டு எழுதினேன்: இந்த வாரம் ஒன்பது, அடுத்த வாரம் எட்டு, அதற்கடுத்து ஏழு. எட்டு வரை ஒன்றும் தெரியவில்லை. ஏழில் தடுமாறினார். ஆறில் விமானம் சங்குமுகம் கடலில் போய்ச் செருகியது. அவர் எழுந்துபோய்க் கிணற்றடியில் நின்றார். மறுநாள் நான் குமிழை ஒன்பதுக்கே கொண்டுபோனேன். நோட்டை மூடினேன். அந்த நோட்டு இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. ஆறுக்குக் கீழே எந்த எண்ணும் அதில் இல்லை.

அன்புதானே என்பீர்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு அது பிடித்திருந்தது! மனைவியாக மட்டும் அல்ல, செய்தவளாகப் பிடித்திருந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் என் நிரல் அந்த விமானத்தை அப்படி ஓர் அழகோடு இறக்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நின்று பார்த்தார்கள். கை தட்டினார்கள். கைதட்டல் அவருக்கு, ஆனால் அது யாருக்குச் சேர வேண்டியது என்று எனக்குத் தெரியுமே. நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதை நான் வாங்கிக்கொண்டேன்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஒருநாள் அவர் ரப்பர் பந்தைத் தூக்கி எறிந்தார். “பிளைட்டு எறக்குத கைக்கு எதுக்குட்டி பந்து? தக்கலைக்கு இனி நான் வரல்ல” என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இனி மதியத்துக்கு மேல் விடுப்புக் கேட்க வேண்டாம், இரண்டு பஸ் மாற வேண்டாம் என்று நினைத்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது. பிசியோதெரபிப் பெண் இரண்டு முறை போன் செய்தாள். நாகர்கோவிலில் வேறோர் இடத்தில் பார்க்கிறோம் என்று சொன்னேன். நிதானமாக, ஒரு சொல் தடுமாறாமல் சொன்னேன்.

அவள் முக்கியம் என்று சொன்ன மாதங்கள் அப்படித்தான் போயின.

இனிப் பிரதமன்.

அவருக்கு ஒரே தங்கை, பகவதி. பூதப்பாண்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தது. பகவதியின் ஒரே மகள் நித்யா. நித்யாவுக்குக் கல்யாணம் வந்தது. பக்கவாதம் வந்து அப்போது எட்டு மாதம். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்ததும், முதல் உருளி அடைப்பிரதமனைச் சமையல்கட்டிலிருந்து பெண்ணின் தகப்பனும் தாய்மாமனும் சேர்ந்து தூக்கி வருவார்கள். அந்த வெண்கலப் பாத்திரத்தின் இரண்டு காதுகளில் ஆளுக்கொன்று. நடுவில் உருளி. பெண்ணின் தாய் இலை மூடிய தட்டோடு முன்னால் நடப்பாள். அதன் பிறகுதான் மற்றவர்கள் விளம்புவார்கள்.

உருளியின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் கை தூக்கும் என்பது. வலப்பக்கம் நின்றால் இடது கை தூக்கும். இடப்பக்கம் நின்றால் வலது கை.

பகவதியின் கணவர் நல்ல மனிதர். விஷயம் புரிந்து, தாமே இடப்பக்கம் போய் நின்றுகொண்டு சொன்னார்: “மச்சான், நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க.”

என் கணவர் சிரித்தார். சமையல்கட்டு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். “என்னத்துக்கு? எனக்க வலது கையி டெய்லி பிளைட்டு எறக்குதாக்கும். மாறி நில்லும்.”

பகவதி என்னைப் பார்த்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டுச் சேலையில், வியர்த்துப்போய், என்னைத்தான் பார்த்தாள். அவரை நன்றாகத் தெரிந்தவள் நான்தானே.

“மைனி, அண்ணன் தூக்குவாவளா?”

ஒரு கணம்... இல்லை, ஒரு கணம்கூட இல்லை. வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

“தூக்குவாவ” என்றேன்.

அவ்வளவுதான்! ஐந்தெழுத்து. சுற்றிலும் சமையற்காரர்கள், உறவுக்காரர்கள், பத்துப் பதினைந்து பேர். அத்தனை பேர் முன்னால் அவர் முகம் வாடிவிடக்கூடாதே என்று நினைத்தேனா? என் இயந்திரத்தின் பெயர் கெட்டுவிடக்கூடாதே என்று நினைத்தேனா? பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

ஏழு அடி நடந்திருப்பார்கள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அதுதான் கொடுமை. கை விட்டது அவருக்கே தெரியவில்லை! உருளி சாய்ந்த பிறகுதான் கையைக் குனிந்து பார்த்தார். சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து குறுகிய பிரதமன் தண்ணீர் மாதிரி வழிந்தோடாது. ஒட்டிக்கொண்டு கிடக்கும். பகவதியின் வலது காலில், கணுக்காலிலிருந்து விரல் வரை, அது ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அவள் கத்திய கத்தலை நான் எழுதமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவள் காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது, மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் புறப்பட நல்ல நேரம் முடியப்போகிறது என்றார்கள். நித்யாவைத் தாய் இல்லாமலேயே காரில் ஏற்றினார்கள். பெற்றவள் நிற்க வேண்டிய இடத்தில், கையில் திருநீறோடு, நின்றவள் யார் தெரியுமா? நான். மூத்த மைனி நீதான் நிற்க வேண்டும் என்றார்கள், நின்றேன். நித்யா என் தோளில் முகத்தை வைத்து “எங்கம்மைய பாத்துக்கிடுங்க அத்தை” என்று அழுதாள். பகவதி போனில் அந்த அழுகையைக் கேட்டாள். ஒரே மகளை அவள் வழியனுப்பியது அப்படித்தான்.

உருளியின் காதில் எண்ணெய் இருந்தது என்று என் கணவர் சொன்னார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். எல்லோரும் நம்பினார்கள். பகவதியே கட்டுப் போட்ட காலை நீட்டியபடி, “எண்ணெய்க் கைய வச்சு எவனோ தொட்டிருக்கான். அண்ணன் என்ன செய்வாவ, பாவம்” என்றாள். நான் அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சொல்லியிருந்தால்? சொல்லியிருக்கலாம். மறுநாளாவது குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பியிருக்கலாம். மாறாக, வீட்டுக்கு வந்து மூன்று நாள் தண்டைத் தொடாமல் இருந்த அவரை மறுபடியும் உட்கார வைத்தேன். குமிழை ஒன்பதில் வைத்தேன். அழகாக இறங்கியது. “பாத்தியாட்டி, எனக்க கையில கொறை இல்ல. எண்ணெய்தான்” என்றார். எனக்கும் அந்தச் சாட்சியம் வேண்டியிருந்தது!

இரண்டு ஆண்டுகள் ஓடின. பகவதியின் காலில் தோல் சுருங்கி, நிறம் மாறி, இரண்டு விரல்கள் சரியாக மடங்காது. சிறிதாக ஒரு நொண்டல் உண்டு. ஆனாலும் மாதம் ஒருமுறை பஸ் ஏறி எங்களைப் பார்க்க வந்துவிடுவாள். அண்ணன் விமானம் ஓட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பாள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலரை இருக்கும். விமானம் விழிஞ்சத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் குமிழை வைத்துவிட்டுச் சாயா போட உள்ளே போயிருந்தேன். அவருடைய பழைய துறைமுகக் கூட்டாளி ஒருவர் போனில் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் முற்றத்துக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும். எழுந்துகொண்டே தங்கையிடம் விளையாட்டாகச் சொன்னார்: “பகவதி, நீ கொஞ்சம் பிடிச்சுக்கோ. இன்னா வாறேன்.”

அவர் கையை எடுத்தார், தண்டு அடங்கியது. அவள் உட்கார்ந்து கையை வைத்தாள்.

உணரியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே... எந்தக் கை என்று அது கேட்பதில்லை.

நான் சாயாவோடு வந்தபோது அவள் கையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். எடுத்தால் அடங்குகிறது. வைத்தால் நகர்கிறது. மூன்று முறை பார்த்தாள். பிறகு கையைத் தளர்த்தி, சும்மா வைத்துக்கொண்டு, தண்டு அந்தக் கையை எங்கே கொண்டுபோகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் விமானத்தைத் தொட்டிராத என் நாத்தனார், திருவனந்தபுரத்து ஓடுபாதையின் நடுக்கோட்டில், கொஞ்சமும் பிசகாமல் இறக்கினாள்.

“மைனி, இது எனக்க கையப் பிடிச்சு இழுக்குதே” என்றாள்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். பொய் ஒன்று தயாராகவே இருந்தது. மோட்டார் பழுது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஏனோ அன்று நாக்கு எழவில்லை.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“கல்யாணத்துக்கு முந்தியேவா?”

“ஆமா” என்றேன்.

அவர் முற்றத்திலிருந்து திரும்பி வந்தார். திரையைப் பார்த்தார். “அட, நீ எறக்கிட்டியா! பாத்தியாட்டி, இது நம்ம குடும்பத்துக்க கையாக்கும்!” என்று தங்கையின் தோளில் அந்த வலது கையைப் போட்டார். பகவதி அந்தக் கையை மெல்ல எடுத்து, கொஞ்ச நேரம் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்திருந்துவிட்டு, அவர் மடியில் வைத்தாள். “ஆமாண்ணே” என்றாள். சாயா குடிக்கவில்லை. வாசல் வரை கூடவே போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவள் வரவில்லை. அண்ணனோடு போனில் பேசுகிறாள். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. நான் எடுத்தால் “அண்ணன் இருக்காவளா?” என்று மட்டும் கேட்கிறாள். மைனி என்கிற சொல் போய்விட்டது. சொல்லட்டும் என்று விட்டிருக்கிறாளா, சொல்லவே வேண்டாம் என்று விட்டிருக்கிறாளா... எனக்குத் தெரியவில்லை. எதையும் கணித்துச் சொல்லும் எனக்கு இது மட்டும் பிடிபடவில்லை.

சொல்லிவிடு என்கிறீர்கள். எளிதாகச் சொல்கிறீர்கள்! மாதங்கள் போய்விட்டன. இப்போது சொன்னால் கை திரும்பாது. இருக்கிற நம்பிக்கையும் போகும். சொல்லாமல் இருந்தால்? அதற்கும் விடை வந்துவிட்டது. நித்யா நிறைமாதமாக இருக்கிறாள். இன்னும் இரண்டு வாரம் என்கிறார்கள்.

நேற்று மாலை வழக்கம்போல உட்கார்ந்தோம். கன்னியாகுமரிக்கு மேலே தொடங்கினோம். இடப்பக்கம் கடல். தேங்காப்பட்டணத்துக்கு மேலே போகும்போது அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“பிள்ளை பெறந்தா மொதல்ல இந்தக் கையிலதான் வாங்கணும். உருளி விழுந்ததுக்கு அப்பந்தான் ஈடாகும். நித்யாட்ட சொல்லியாச்சு.”

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏட்டி, கோ-பைலட்! கேக்கியா? பிடிச்சுக்கிடுவேன்லா?”

அதே கேள்வி. இந்த முறை கேட்டது அவர். பகவதி கேட்டபோது ஒரு கணம்கூட யோசிக்காத வாய், நேற்று திறக்கவில்லை. விமானம் தாழ்ந்துகொண்டிருந்தது. திரையில் ஓடுபாதை நீளமாகத் தெரிந்தது. என் வலது கை மேசைக்கடியில் போயிற்று. பூஜ்யத்துக்குத் திருப்பு, இப்போதே திருப்பு, அவர் கையே அவருக்குச் சொல்லிவிடட்டும் என்று எனக்கு நானே சொன்னேன். விரல்கள் குமிழைப் பற்றின. எட்டு... ஏழு... தண்டு ஒருமுறை தள்ளாடியது. அவர் நெற்றி சுருங்கியது.

“மொதல்ல எறக்குங்க, இஞ்சேருங்க. ரன்வே வந்தாச்சு” என்றேன்.

குமிழை ஒன்பதுக்குத் திருப்பினேன். சக்கரம் தொட்டது. அவர் உள்ளங்கையில் குத்து விழுந்தது.

“பாத்தியா!” என்றார்.

“பாத்தேன்” என்றேன்.